எந்த மலை, எந்த வேலை

காய்ச்சல், வாந்தி, கண்ணெரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் பெயர், வயது, ஊர் கேட்டு எழுதிக்கொள்வார்கள். நேற்று எந்த மலையில் இருந்தார், என்ன வேலை பார்த்தார் என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இருக்காது. போடிநாயக்கனூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் களமாகக் கொண்டு சுகாதார ஆய்வு செய்வது என் தொழில். இந்த ஊர்க்காரர்களின் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அந்தச் சீட்டில் எழுதப்படாத விஷயத்தைத் தேடிப் போனதால் தெரிந்தது.

போடியில் 'மலைக்குப் போறவங்க' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடும். முந்தலைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். தேவாரம், கம்பம், கூடலூர்க்காரர்களுக்குக் கம்பம்மெட்டு, குமுளி வழி. வண்டியில் பெண்கள்தான் அதிகம். தூக்குவாளி, பிளாஸ்டிக் சாக்கு, தலைக்கு ஒரு துண்டு. இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவர்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக எல்லை பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அந்த வாதம் இன்றும் டீக்கடைகளில் ஓயவில்லை. என் தொழிலுக்கு வேண்டியது அதிலிருந்து ஒரே ஒரு விளைவுதான். எங்கள் பெண்கள் பகல் முழுக்கக் கேரளத்தில் வேலை செய்கிறார்கள், இரவு தமிழ்நாட்டில் தூங்குகிறார்கள். ரேஷன் கார்டும் ஓட்டும் காப்பீட்டு அட்டையும் இங்கே. வேலையும் மருந்து நெடியும் மழையும் அங்கே. நோய் அங்கே பிடிக்கிறது, செலவு இங்கே ஆகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டச் சுகாதாரக் கணக்கில் இவர்கள் குடியிருப்பவர்கள் அல்ல. எங்கள் தேனி மாவட்டக் கணக்கில் இவர்கள் வெறும் கூலிகள், எந்த வேலைக்குக் கூலி என்று எழுதப்படாதவர்கள். தினமும் எல்லை தாண்டிப் போய் வருகிறவரைப் புலம்பெயர்ந்த தொழிலாளி என்று எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை.

வெளியூரிலிருந்து ஒரு நிறுவனம் ஒருமுறை எங்கள் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் காலை 10 மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்தவர்கள் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும். அறிக்கையில் இந்த ஊரின் முக்கியப் பிரச்சினை முதியோர் மூட்டுவலி என்று வந்தது. மலைக்குப் போன பெண் ஒருத்திகூட அந்த அறிக்கையில் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் எங்களுக்கு இதே சிக்கல் வந்தது. வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிற அந்தத் திட்டத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பகலில் ஆள் வீட்டில் இருந்தால்தானே பார்க்க முடியும்? எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலப் பெண் தானாகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் வரத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு இவ்வளவு ரத்த அழுத்தம் இருப்பது வெளியே வந்தது. வேலையிடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் திட்டமும் 2024-ல் வந்தது. எங்கள் பெண்களின் வேலையிடமோ எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஆகவே ஆய்வை அந்தப் பெண்களே நடத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுயோசனை இருந்ததில்லை. சமூகம் பங்கேற்கும் ஆய்வு என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயிலிருந்து அதற்கு ஒரு வரலாறு உண்டு. களத்தில் அது முதலில் நேரத்தையும் கூலியையும் பற்றிய பேச்சாக வருகிறது. வேலை நாளில் கூட்டத்துக்கு வா என்றால் ஒரு நாள் கூலி போகும், ஜீப்பில் இடமும் போகும். ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், சுயஉதவிக் குழுத் தவணை கட்ட வேண்டும். ஞாயிறு சாயங்காலம் துவைத்து முடித்த பிறகு, பிள்ளைகளோடு, கோயில் திண்ணையில் கூடுவது என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஆய்வுக்குத் தரும் நேரத்துக்குப் படி உண்டு என்பதை நான் நிதி தருகிறவர்களிடம் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். அவர்களுடைய உழைப்பை இனாமாக வாங்கிக்கொண்டு சமத்துவம் பற்றி அறிக்கை எழுத என்னால் முடியாது.

ஒப்புதல் படிவம் அடுத்த தடை. ஆய்வு அறநெறி அதைக் கேட்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால் இங்கே தாளில் கையெழுத்து என்றால் கடன் என்று பொருள். மூத்த அக்கா ஒருவர் பேனாவைத் தொடவே இல்லை.

"வட்டிக்காரங்கிட்ட போட்ட கையெழுத்தே இன்னும் தீரல. நீயும் ஒண்ணு கேக்குறியே தாயி."

பிறகு படிவத்தை எல்லோர் முன்னிலையிலும் சத்தமாக வாசித்து, வாய்வழிச் சம்மதத்தைச் சாட்சியோடு பதிவு செய்யும் முறைக்குப் போனோம். அறநெறிக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த அக்காதான் பின்னாளில் எங்கள் குழுவிலேயே கறாரான ஆய்வாளர். யாராவது தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொன்னால் விடமாட்டார். "நீ பாத்தியா, கேட்டியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு" என்பார்.

அவர்கள் போட்ட முதல் நாட்காட்டி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திண்ணையில் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம், சித்திரையிலிருந்து பங்குனி வரை. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு வரிசையாகப் புளியங்கொட்டை வைக்க வேண்டும். காய் எடுப்புக்கு ஒரு வரிசை, மருந்தடிப்புக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, உடம்புக்கு முடியாமல் போனதற்கு ஒன்று. வேலை அதிகமென்றால் அதிகக் கொட்டை. ஆடி, ஆவணியில் காய் எடுப்பு தொடங்கித் தை வரை சுற்றுச் சுற்றாக வருவதை யாரும் யோசிக்காமல் வைத்துவிட்டார்கள். மருந்தடிப்பு வரிசையில்தான் தகராறு. பல தோட்டங்களில் மாதத்துக்கு ஒரு சுற்றாவது அடிக்கிறார்கள் என்பதால் எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியவில்லை. கடன் வரிசை ஆனியில் உயர்ந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம், மலையில் மழை இறங்கி வேலை விட்டு விட்டு நடக்கும் காலம். முடியாமல் போன வரிசைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் யாரும் கொட்டையைத் தொடவில்லை. அப்புறம் ஓர் இளம்பெண் சொன்னாள்: "முடியாமப் போறது எல்லா மாசமும்தான் மதனி. கடன் இருக்கிற மாசம் முடியலைன்னாலும் போவோம். கடன் குறைஞ்ச மாசம்தான் வீட்ல படுப்போம்."

ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் வைத்து எந்த மாதத்தில் நோய் அதிகம் என்று முடிவு செய்கிறவர்கள் இந்த ஒரு பேச்சைக் கேட்டிருந்தால் போதும். ஆஸ்பத்திரிக்கு வரும் கூட்டம் நோயின் அளவைக் காட்டுவதில்லை. கூலியை விட்டுவிட்டு வர முடிகிற நாளைத்தான் காட்டுகிறது.

உடம்புப் படம் வரைகிற நாளில் ஆண்கள் யாரும் வேண்டாம் என்றார்கள். பெரிய சார்ட் தாளில் ஒரு பெண்ணுருவம், வலிக்கிற இடத்தில் சிவப்புப் பொட்டு. இடுப்பு, முழங்கால், கழுத்து என்று பொட்டுகள் நிறைந்தன. ஏலக்காய், செடியின் தூரில் தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. ஈரத் தரையில் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். பிறகு அடிவயிற்றில் பொட்டு விழுந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக. மலையில் ஒதுங்க மறைவான இடம் இல்லை, சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பார், அட்டைப்பூச்சி வேறு. ஆகவே தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் எரிச்சலும் வருஷக்கணக்காக இருந்தும் எந்தச் சீட்டிலும் அது ஏறவில்லை, ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீரும் கழிப்பறையும் மருத்துவ வசதியும் தரவேண்டும் என்றது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டத்துக்குத்தான் அது பொருந்தும் என்றும் வரம்பு வைத்தது. ஏலமலையில் சிறு தோட்டங்கள் ஏராளம். நேற்று ஒரு தோட்டம், இன்று ஒரு தோட்டம் என்று ஜீப் இறக்கிவிடுகிற இடத்தில் வேலை செய்கிற பெண்ணுக்கு, தான் நிற்கிற மண் எத்தனை ஹெக்டேர் என்று எப்படித் தெரியும்?

மருந்து விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏலச்செடிக்கு இலைப்பேன், தண்டுத் துளைப்பான், வேர்ப்புழு என்று எதிரிகள் அதிகம். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் இந்த மலைக்குப் பழக்கமானவை. அவை நரம்புகளில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. வியர்த்துக் கொட்டும், வாயில் நீர் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும். அதிகமானால் மூச்சு நிற்கும். விசைத்தெளிப்பான் பிடிக்கிறவரும் ஓஸ் இழுக்கிறவரும் பெரும்பாலும் ஆண்கள். அடுத்த வரிசையில் காய் எடுப்பது பெண்கள். எந்த மருந்து என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, டிரம்மில் கலந்த பிறகுதான் பார்க்கிறார்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம் விஷத்தின் அளவைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. இதைத் திண்ணையில் சொல்லிக்கொடுத்த வாரத்திலிருந்து ஓர் இளம்பெண் செல்போனில் அந்த முக்கோணங்களை மட்டும் படம் எடுத்து வந்தாள். முதலாளி பெயர் இல்லை, தோட்டப் பெயர் இல்லை, முக்கோணம் மட்டும்.

அந்தப் படங்களில் சில எங்களைத் திடுக்கிட வைத்தன. காசர்கோட்டு எண்டோசல்ஃபான் பூச்சிமருந்துத் துயரத்துக்குப் பின், 2011 மே மாதம் கேரள அரசு மோனோகுரோட்டோபாஸ், போரேட், கார்போபியூரான், பாராகுவாட் உள்ளிட்ட பல மருந்துகளின் விற்பனையை நிறுத்தியது. ஆனால் தடை எல்லையோடு நின்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் கடையில் வாங்கி அந்தப் பக்கம் அடிக்க முடிந்தது. கூலியாட்கள் போகிற அதே சாலையில் மருந்தும் போகும்.

1971-ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்தடிக்கிறவரை வேலைக்கு எடுக்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்கின்றன. என் களத்தில் அப்படிப் பரிசோதிக்கப்பட்ட ஒருவரை நான் சந்தித்ததில்லை. கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். மருந்து படாத காலத்தில் ஒரு அளவு எடுத்து வைத்திருந்தால்தான் பிறகு எவ்வளவு குறைந்தது என்று சொல்ல முடியும். எல்லாக் கட்டத்திலும் கொட்டை விழுகிற மலையில் மருந்து படாத காலத்துக்கு எங்கே போவது?

ரத்தம் எடுக்க முடியாவிட்டாலும் உடம்பைக் கவனிக்க முடியும். 2003-ல் ஆந்திரத்தில் பருத்தி பயிரிடும் பெண்கள் 50 பேர் ஒரு பருவம் முழுக்க அப்படிச் செய்தார்கள். ஒவ்வொரு தெளிப்புக்குப் பிறகும் தங்களுக்கும் குடும்பத்து ஆண்களுக்கும் என்ன ஆனது என்று தாங்களே குறித்தார்கள். அப்படிப் பதிவான 323 நிகழ்வுகளில் பத்தில் எட்டுக்கும் மேலானவற்றில் விஷத்தின் அறிகுறி இருந்தது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலும் ஒரு நெடிய ஆய்வு நடந்துவருகிறது. மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களில் சுமார் 600 கர்ப்பிணிகளை 1999, 2000-ஆம் ஆண்டுகளில் சேர்த்து, பிள்ளைகள் வளர வளரப் பின்தொடர்ந்தார்கள். வயிற்றில் இருந்தபோது ஆர்கனோபாஸ்பரஸ் அதிகம் பட்ட பிள்ளைகளுக்கு ஏழு வயதில் அறிவுத்திறன் அளவு குறைந்திருந்ததை 2011-ல் வெளியிட்டார்கள். முடிவுகளை அந்தக் குடும்பங்களிடமே திருப்பிக் கொண்டுபோய்ச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு அதில் முக்கியம். சலினாஸ் கதையைத் திண்ணையில் சொன்னபோது நிறைமாதம் வரை காய் எடுத்த ஒரு பெண், தன் மகனைப் பற்றி என்னிடம் தனியாகக் கேட்டாள். ஒரு பிள்ளையைப் பார்த்து இதனால்தான் என்று சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது, கூட்டமாகப் பார்க்கும்போதுதான் தெரியும் என்றேன். உண்மையான பதில் அதுதான். அதைச் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடவில்லை. பையனைக் குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

மலையில் தங்கி வேலை செய்கிறவர்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஜார்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து குடும்பத்தோடு வந்து லயங்கள் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். எங்கள் பெண்களுக்கு அவர்கள்மேல் முதலில் நல்லெண்ணம் இல்லை. "அதுக வந்துதான் நம்ம கூலி ஏறாம நிக்குது" என்று திண்ணையிலேயே பேச்சு வந்தது. அது பொருளில்லாத பயம் அல்ல, எனவே நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு கேள்வியை மட்டும் எங்கள் ஆய்வுக் கேள்விப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன்: மருந்தடித்த அன்று ராத்திரி எங்கே தூங்குகிறீர்கள்? நம்மவர்களுக்கு அன்று இரவு போடியின் காற்று. லயத்துக்காரர்களுக்குச் செடியிலிருந்து சில அடி தள்ளிச் சுவர், அதே ஓடையில் குளியல், அதே மண்ணில் குழந்தை. இந்தக் கேள்விக்கு வந்த பதில்களுக்குப் பிறகு எங்கள் பெண்களின் பேச்சு மாறியது. மதிய இடைவேளையில் சைகையும் உடைந்த தமிழும் கலந்து, லயத்துப் பெண்களின் அறிகுறிகளையும் அவர்களே குறித்து வரத் தொடங்கினார்கள். கேரளம் 2017-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 'ஆவாஸ்' காப்பீட்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் சிகிச்சைக்கு 15,000 ரூபாய், விபத்து மரணத்துக்கு 2 லட்சம் என்று அறிவித்தார்கள். அட்டை எடுக்காத குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. அட்டை எங்கே எடுப்பது என்று லயத்துப் பெண்களுக்குச் சொன்னவர்கள் போடியிலிருந்து ஜீப்பில் போன எங்கள் பெண்கள்தான்.

முடிவுகளை வெளியிடும்போது தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மறுநாள் ஜீப் நிற்காது. இதைக் கோழைத்தனம் என்று ஒரு பத்திரிகைக்காரர் சொன்னார். பெயரை எழுதும் உரிமை வேலையை இழக்கப்போகிறவருக்குத்தான் உண்டு, எனக்கு இல்லை. பெண்கள் எழுதிவந்த குறிப்பேடுகளும் என்னிடம் இல்லை, குழுவிடம்தான். யாருக்கு எதைக் காட்டலாம் என்று அவர்கள் கூடி முடிவு செய்வார்கள்.

மதிப்பீடு என்று வரும்போது நிதி தருகிறவர்களுக்கும் எங்களுக்கும் இழுபறி தொடங்கும். பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், விநியோகித்த முகமூடி எத்தனை என்று அவர்கள் கேட்பார்கள். பெண்கள் வேறு அளவுகோல் வைத்தார்கள். சாயங்காலம் இறங்கும்போது தண்ணீர் பாட்டில் காலியாக வருகிறதா? காலி என்றால் அன்று குடித்திருக்கிறாள், குடித்தாள் என்றால் ஒதுங்க இடம் இருந்திருக்கிறது. எங்கள் முயற்சியில் சில தோட்டங்களில் தார்பாய் மறைப்பு கட்டியிருந்தார்கள். அது நிலைத்ததா என்று அறிய இதைவிட நேரான கருவியை எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் கற்கவில்லை. மருந்தடித்த பகுதியின் ஓரத்தில் மஞ்சள் துணி கட்டுவது இன்னொரு ஏற்பாடு. துணி இருக்கும் வரை உள்ளே காய் எடுக்க அனுப்பக்கூடாது. சில சூப்பர்வைசர்கள் மனமுவந்து செய்தார்கள், சிலர் மறுத்தார்கள். திட்டப் பணம் முடிந்த அடுத்த பருவத்திலும் பெண்கள் குறிப்பெடுத்தார்கள். தார்பாய் பல இடங்களில் நின்றது. மஞ்சள் துணி, காய்க்கு விலை ஏறிய வாரங்களில் காணாமல் போனது. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை உயர்ந்தால் மலையில் காய் எடுப்புச் சுற்று நெருக்கப்படும், மருந்தடித்த நாளுக்கும் காய் எடுக்கும் நாளுக்கும் இடைவெளி குறையும். மூன்று வருடத்தில் மூட்டை கட்டுகிற திட்டங்களால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் எல்லை மூடியபோது, அந்தக் குறிப்பேடுகள் எதற்கு என்பது எல்லோருக்கும் புரிந்தது. தோட்டங்களில் சிக்கியவர்கள் காட்டு வழியாக இறங்கினார்கள். ராசிங்காபுரத்துக்கு மேலே மலைக்காட்டில் பற்றிய தீயில், அப்படி வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் இறந்தார்கள். யார் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அரசிடம் இல்லை. எங்கள் குழுவிடம், தங்கள் தெருக்களுக்கு மட்டும், இருந்தது. எந்த வீட்டில் யார் இன்னும் இறங்கவில்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஊராட்சி ஆட்களும் செவிலியரும் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது குழு இரண்டு கோரிக்கைகளைப் பிடித்திருக்கிறது. போடிப் பகுதிச் சுகாதார நிலையங்களின் புறநோயாளிச் சீட்டில் 'எந்த மலை, எந்த வேலை' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரியை மாதம் ஒருமுறை தேனியும் இடுக்கியும் பகிர்ந்துகொள்ள வேண்டும். அதிகாரிகள் இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த சுற்றில் ஜீப் ஓட்டுநர்களையும் சேர்ப்பது என்று போன ஞாயிறு முடிவானது. எந்தத் தோட்டத்தில் இறக்கிவிட்டோம் என்பது தினமும் அவர்களுக்குத்தான் தெரியும். மூத்த அக்கா அதை எதிர்த்தார், ஓட்டுநர்கள் முதலாளி பக்கம் என்றார். இளம்பெண் தன் தம்பியே ஓட்டுநர்தான் என்றாள். இரண்டு ஓட்டுநர்களோடு மட்டும் ஒரு காய் எடுப்புச் சுற்றுக்குச் செய்து பார்ப்பது, அதன் குறிப்பை அக்காவே சரிபார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறார்கள். வரும் ஆவணியில் தொடங்குகிறோம்.